821இல் ஒன்று மாறினால்: கால்பைன்-3 நொதியும் தசைச் சிதைவு நோயும்

1990இல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு கட்டுரையைத் தசை நோய் ஆராய்ச்சியாளர்கள் இன்றும் எடுத்துக் காட்டுவார்கள். டிஸ்ட்ரோபின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் பெரிய துண்டு ஒன்று இல்லாமலே பிறந்தவர்களைப் பற்றியது அது. புரதத்தின் 46 சதவீதத்துக்கான குறிப்பு மரபணுவிலேயே கிடையாது. அப்படியிருந்தும் அவர்களில் ஒருவர் 61 வயதிலும் நடமாடிக்கொண்டிருந்தார். தசைச் சிதைவு இருந்தது, ஆனால் மிக லேசாக.

இன்னொரு நோயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்பைன்-3 என்ற நொதியில் 821 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. 769ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டும். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மரபணுப் பிரதிகளில் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஆர்ஜினினுக்குப் பதில் குளுட்டமின் வந்துவிட்டால், மற்ற 820உம் சரியாக இருந்தும் பயனில்லை. இடுப்புத் தசையும் தோள் தசையும் வருடா வருடம் மெலிந்துகொண்டே போகும்.

ஒரு புரதத்தில் ஏறக்குறையப் பாதி போயும் ஒருவர் நடக்கிறார். இன்னொன்றில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறி ஒருவர் சக்கர நாற்காலிக்குப் போகிறார். எவ்வளவு மாறியது என்று அளந்தால் இதற்கு விடை கிடைக்காது. மாறிய இடம் எந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது என்று கேட்க வேண்டும்.

டிஸ்ட்ரோபின் ஒரு கட்டுமானப் புரதம். தசைச் செல்லின் உள்சட்டகத்தை வெளிச்சவ்வோடு பிணைத்து வைக்கும் நீளமான கயிறு அது. 3,685 அமினோ அமிலம் கொண்டது. நடுப்பகுதி ஒரே மாதிரியான துண்டுகள் அடுத்தடுத்து வருவது. அதில் சில துண்டுகள் குறைந்தாலும் இரண்டு முனையும் பிடிக்க வேண்டியதைப் பிடித்துக்கொண்டால் ஓரளவு சமாளித்துவிடும். நொதி அப்படியல்ல. அதன் முப்பரிமாண மடிப்பில் குறிப்பிட்ட அணுக்கள் குறிப்பிட்ட தூரத்தில் நின்றால்தான் வேதிவினை நடக்கும். வீட்டுச் சுவரில் பத்துச் செங்கல் குறைந்தாலும் வீடு நிற்கும், அந்த வீட்டைப் பழுதுபார்க்க வரும் கொத்தனாரின் கை முறிந்தால் எந்த வேலையும் நடக்காது.

தசைச் சிதைவு நோய்க்கு இப்படி ஒரு "பழுதுபார்க்கிறவர்" காரணமாக இருக்கலாம் என்று 1995 வரை யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. 1987இல் அமெரிக்காவில் லூயிஸ் குன்கெலின் குழு, சிறுவர்களைத் தாக்கும் கடுமையான தசைச் சிதைவான டுச்சென் நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோபினைக் கண்டறிந்தது. அடுத்து வந்த சார்கோகிளைக்கன் புரதங்களும் அதே செல்சவ்வுப் பகுதியைச் சேர்ந்தவை. அதனால் சவ்வு பலவீனமாகிறது, தசை சுருங்கும்போது கிழிகிறது, செல் சாகிறது, இதுதான் தசைச் சிதைவு என்ற சித்திரம் எல்லோர் மனதிலும் பதிந்திருந்தது. அந்தச் சித்திரம் தவறில்லை. முழுமையானதும் இல்லை.

அதை உடைத்தது இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரீயூனியன். ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழ்நாட்டிலிருந்து போனவர்களின் வம்சம் இன்றும் வாழும் தீவு என்பதால் நமக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் நோய் காணப்பட்டது அங்கே குடியேறிய ஐரோப்பியர்களின் வழிவந்த குடும்பங்களில். தங்களுக்குள்ளேயே திருமணம் செய்துகொண்டு, தலைமுறை தலைமுறையாக ஒரே பகுதியில் வாழ்ந்தவர்கள். இப்படிப்பட்ட சமூகத்தில் ஒரு அரிய மரபுநோய் பலருக்கும் இருந்தால், எப்போதோ வாழ்ந்த ஒரு மூதாதையிடமிருந்து ஒரே மரபணு மாற்றம் எல்லோருக்கும் இறங்கியிருக்கும் என்றுதான் எந்த மரபியலாளரும் எதிர்பார்ப்பார்.

ஜாக் பெக்மன், இசபெல் ரிஷார் ஆகியோர் இருந்த பிரெஞ்சுக் குழு இந்தக் குடும்பங்களை வைத்து நோயின் இடம் 15ஆவது குரோமோசோம் என்று முதலில் குறுக்கியது. 1995இல் மரபணுவே கையில் சிக்கியது. அது கால்பைன்-3, அதாவது பிற புரதங்களை வெட்டும் ஒரு நொதி. தசைச் சிதைவுக்கு ஒரு நொதிக் குறைபாடு நேரடிக் காரணம் என்று நிறுவப்பட்டது அதுதான் முதல் தடவை. கூடவே இன்னொரு ஆச்சரியம்: அந்தச் சிறிய தீவுச் சமூகத்தில் ஒன்றல்ல, குறைந்தது ஆறு வெவ்வேறு மரபணு மாற்றங்கள் இருந்தன. இதை 'ரீயூனியன் முரண்' என்றே அழைத்தார்கள். இரண்டாவதாக வேறொரு மரபணுவும் சேர்ந்தால்தான் நோய் வருமோ என்றுகூட அந்தக் குழு அப்போது யோசித்தது. பிறகு உலகம் முழுவதும் நோயாளிகளைச் சோதித்ததில், கால்பைன்-3இன் இரண்டு பிரதிகளும் கெட்டாலே நோய் வரப் போதும் என்பது உறுதியானது.

769ஆவது இடத்து மாற்றம் அதே ஆய்வில் வந்ததுதான். அது அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தின் வடபகுதியில் வாழும் ஆமிஷ் என்ற கிறிஸ்தவப் பிரிவுக் குடும்பங்களுக்குரியது. இதில் ஒரு பாடம் ஒளிந்திருக்கிறது. தென் இந்தியானாவிலும் ஆமிஷ் மக்கள் இருக்கிறார்கள், அவர்களிலும் பார்ப்பதற்கு இதே போன்ற இடுப்பு, தோள் தசைச் சிதைவு இருந்தது. ஆனால் அவர்களுடைய நோய் 15ஆவது குரோமோசோமோடு பொருந்தவில்லை. பீட்டா சார்கோகிளைக்கன் என்ற கட்டுமானப் புரதத்தில் 151ஆவது த்ரியோனின் ஆர்ஜினினாக மாறியிருந்தது. ஒரே மாநிலம், ஒரே சமயப் பிரிவு, ஒரே மாதிரி நடை. நோயோ வேறு. வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து இந்த நோய்களுக்குப் பெயர் வைப்பதில் உள்ள சிக்கலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

சரி, அந்த 769ஆவது இடத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். ஆர்ஜினினுக்கு நீண்ட பக்கக்கிளை உண்டு, அதன் நுனியில் நேர்மின் ஏற்றம். புரதம் மடியும்போது அந்த நுனி எதிர்மின் ஏற்றம் உள்ள அண்டை அமினோ அமிலத்தைப் பிடித்துக்கொள்ள முடியும். குளுட்டமினின் கிளை குட்டையானது, ஏற்றமும் கிடையாது. டிஎன்ஏ அளவில் நடந்தது இன்னும் சிறியது: ஆர்ஜினினைக் குறிக்கும் சி-ஜி-ஜி என்ற மூன்றெழுத்தில் நடு எழுத்து மட்டும் ஏ ஆகி, குளுட்டமினைக் குறிக்கும் சி-ஏ-ஜி ஆகிவிட்டது.

இதில் ஆர்ஜினின் அடிபட்டது முழுக்கத் தற்செயலும் அல்ல. டிஎன்ஏவில் 'சி'யை அடுத்து 'ஜி' வரும் இடங்களில் பெரும்பாலும் அந்த 'சி'யின் மேல் ஒரு மீத்தைல் குழு ஒட்டியிருக்கும். அப்படிப்பட்ட 'சி' காலப்போக்கில் 'டி'யாகச் சிதைவது சுலபம். எதிர் இழையில் நடந்தால் நம் இழையில் அது 'ஜி' இருந்த இடத்தில் 'ஏ'வாகத் தெரியும். ஆர்ஜினினுக்குரிய ஆறு மூன்றெழுத்துச் சொற்களில் நான்கு 'சி-ஜி' என்றே தொடங்குகின்றன. ஆகவே பல மரபுநோய்களில் அடிக்கடி பறிபோவது ஆர்ஜினின்தான். கால்பைன்-3 நோயாளிகளின் பட்டியலிலும் 448, 490, 748, 769 என்று ஆர்ஜினின் இடங்கள் திரும்பத் திரும்ப வரும்.

கால்பைன்-3ஐ முதலில் அடையாளம் கண்டவர்கள் ஜப்பானியர்கள். 1989இல் ஹிரோயுகி சோரிமாச்சியும் கோயிச்சி சுசுகியும் எலும்புத் தசையில் மட்டும் ஏராளமாகப் படியெடுக்கப்படும், கால்பைன் குடும்பத்து நொதிக்கான ஒரு புதிய மரபணுவைக் கண்டார்கள். அந்தப் படி, அதாவது புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏ, கொட்டிக் கிடந்தது. ஆனால் புரதத்தைப் பிரித்தெடுக்கப் போனால் கையில் எதுவும் நிற்கவில்லை. காரணம் பிற்பாடு தெரிந்தது: சோதனைக் குழாயில் இந்த நொதி தன்னைத்தானே வெட்டிக்கொண்டு, பத்து நிமிடத்துக்குள் பாதி காணாமல் போய்விடுகிறது. செல்லுக்குள் மட்டும் எப்படி நிலைத்து நிற்கிறது? அங்கே அது தனியாக இல்லை. உடலின் மிகப் பெரிய புரதமான டைட்டின் தசை நாருக்குள் ஒரு வில்சுருள்போல நீண்டு கிடக்கிறது. அதன் என்2ஏ என்ற பகுதியிலும், தசை நாரின் சுருங்கும் அலகான தசைக் கூறின் நடுவில் இருக்கும் எம்-கோட்டிலும் கால்பைன்-3 ஒட்டிக்கொண்டு அடங்கி இருக்கிறது. தேவைப்படும்போது விடுபட்டு வேலை செய்கிறது.

ஆக, இந்த ஒரு நொதிக்குள் பல வேலைகள் இருக்கின்றன. மற்ற புரதங்களை வெட்ட வேண்டும். முதலில் தன்னைத்தானே உள்ளே வெட்டிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அதன் வினைமையத்தை மூடிக்கொண்டு ஐஎஸ்1 என்ற ஒரு சொந்தத் துண்டே குறுக்கே கிடக்கிறது. டைட்டினைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கால்சியம் வந்தால் இரு பாதிகளும் சரியான கோணத்தில் நெருங்க வேண்டும். வால் பகுதியால் இன்னொரு கால்பைன்-3 மூலக்கூறோடு ஜோடி சேர வேண்டும். நம்முடைய 769 அந்த வால் பகுதியில்தான் இருக்கிறது. வெட்டும் இடத்தை உருவாக்குகிறவை 129ஆவது சிஸ்டீன், 334ஆவது ஹிஸ்டிடின், 358ஆவது அஸ்பரஜின் ஆகிய மூன்றும். 769 வரிசையில் அவற்றுக்கு வெகு தூரத்தில் இருக்கிறது. இருந்தும் நோய் வருகிறது.

எந்த மாற்றம் எந்த வேலையைக் கெடுக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி 1998இல் சோரிமாச்சியின் குழுவிலிருந்து வந்தது. நோயாளிகளிடம் கண்ட ஒற்றை அமினோ அமில மாற்றங்களை ஒவ்வொன்றாக ஆய்வகத்தில் செய்து சோதித்தார்கள். சோதித்த எல்லா மாற்றங்களும் ஃபோட்ரின் என்ற புரதத்தை வெட்டும் திறனை இழந்திருந்தன. ஆனால் சிலவற்றுக்குத் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் திறன் மிச்சம் இருந்தது. சில டைட்டினை நன்றாகவே பிடித்தன. சில இரண்டையும் இழந்திருந்தன. அப்புறம் 2011இல் கலிபோர்னியாவில் மெலிசா ஸ்பென்சரின் குழு வேறு இரண்டு மாற்றங்களை ஆராய்ந்தது: 448ஆவது ஆர்ஜினின் ஹிஸ்டிடினாவது, 705ஆவது அஸ்பார்ட்டிக் அமிலம் கிளைசினாவது. இவை வெட்டும் திறனை இழக்கவே இல்லை. தசை நாரைப் பிடித்து நிற்கும் பிடிதான் தளர்ந்திருந்தது, நிலைப்புத் தன்மையும் குறைந்திருந்தது. வேலை தெரிந்த நொதிதான், இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அதற்கும் நோய் வருகிறது.

எலிகளிலும் இதைப் பார்த்தார்கள். 129ஆவது சிஸ்டீனை மட்டும் செரினாக மாற்றினால் கால்பைன்-3 உருவாகும், இடத்தில் நிற்கும், ஆனால் எதையும் வெட்டாது. அப்படி உருவாக்கிய எலிகளுக்குத் தசைச் சிதைவு வந்தது, ஆனால் மரபணுவே இல்லாத எலிகளைவிட லேசாக. வெட்டாத நொதிகூட அங்கே இருப்பதால் ஏதோ நன்மை செய்கிறது என்று இதற்குப் பொருள். தசை நாரில் கால்சியம் வெளிவரும் சந்திகளில் இது மற்ற புரதங்களைத் தாங்கிப் பிடிக்கிறது, உடற்பயிற்சிக்கு ஏற்பத் தசை தன்னை மாற்றிக்கொள்ளும் கட்டளைப் பாதையிலும் பங்கெடுக்கிறது என்று அடுத்தடுத்த ஆய்வுகள் காட்டின. இந்த நோயை 'வெட்டும் நொதி இல்லாத நோய்' என்று ஒரே வரியில் சுருக்கிச் சொல்வதை நான் ஏற்காததற்கு இதுதான் காரணம்.

இது ஆய்வகத்தோடு நின்றுவிடும் விஷயமும் இல்லை. தசைத் துண்டு எடுத்துச் சோதிக்கும்போது, கால்பைன்-3 புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது வழக்கம். இத்தாலியில் மரினா ஃபானினும் கொர்ராடோ ஆஞ்செலினியும் செய்த ஆய்வில், மரபணுவில் நோய் உறுதியானவர்களிலேயே கணிசமான பேருக்குப் புரதத்தின் அளவு சாதாரணமாக இருந்தது. அவர்களில் பலரிடம் அந்தப் புரதம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் திறனை இழந்திருந்தது. அளவு சரியாக இருக்கிறது, ஆகவே இந்த நோய் இல்லை என்று முடிவு கட்டியிருந்தால் அத்தனை பேருக்கும் தவறான பதில் போயிருக்கும். ஒற்றை அமினோ அமில மாற்றங்களின் குணமே இதுதான். புரதம் கண்ணுக்குத் தெரியும், செயல் தெரியாது.

நோய் எப்படித் தொடங்குகிறது? பெரும்பாலும் 8 முதல் 15 வயதுக்குள். ஓட்டப் போட்டியில் கடைசியாக வருவது, மாடிப்படியில் கைப்பிடியைத் தேடுவது, தரையில் உட்கார்ந்தால் எழக் கையூன்றுவது. சிலர் நுனிக்காலில் நடப்பார்கள். தோள்பட்டை எலும்பு முதுகில் இறக்கைபோலத் துருத்தும். முகத் தசைகளும் இதயமும் பொதுவாகத் தப்பிவிடும். தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் சிபிகே என்ற நொதியின் அளவு பல மடங்கு ஏறியிருக்கும். அதோடு கல்லீரல் சோதனையில் பார்க்கும் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி அளவுகளும் உயரும். அவை கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கும் நொதிகள். இதை யோசிக்காமல் கல்லீரல் நோய் என்று மாதக்கணக்கில் அலைகிற குடும்பங்கள் உண்டு. இன்னொரு பக்கம், தொடக்க நிலையில் தசைத் துண்டில் அழற்சிச் செல்கள் தெரிந்தால் தசை அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுப்பதும் நடக்கிறது. பெற்றோர்கள் இந்த இரண்டு இடறலையும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மருத்துவரிடம் "சிபிகே பார்த்தீர்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே சில வருடங்கள் மிச்சமாகலாம்.

எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பது இரண்டு பிரதிகளையும் பொறுத்தது. இரண்டுமே புரதத்தை முழுவதுமாக இல்லாமல் செய்யும் மாற்றங்களாக இருந்தால் நோய் பொதுவாகச் சீக்கிரம் வருகிறது, சீக்கிரம் நடை போகிறது. ஒன்றாவது ஒற்றை அமினோ அமில மாற்றமாக இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கலாம். ஆனால் இதை யாருடைய எதிர்காலத்துக்கும் ஜோசியமாகச் சொல்லக்கூடாது. ஒரே வீட்டில், ஒரே இரு மாற்றங்களோடு பிறந்த அண்ணனுக்கும் தங்கைக்கும்கூட நோய் வேறு வேறு வேகத்தில் போவதைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

ஒரு பிரதி கெட்டாலே நோய் வருகிற வகையும் உண்டு. 2016இல் வடக்கு ஐரோப்பியக் குடும்பங்களில் விவரிக்கப்பட்ட அந்த மாற்றத்தில் 21 எழுத்துகள் போய், வரிசையாக ஏழு அமினோ அமிலங்கள் குறைகின்றன. கால்பைன்-3 ஜோடியாக வேலை செய்யும் நொதி என்பதை நினைவில் வையுங்கள். கெட்ட மூலக்கூறு நல்லதோடு ஜோடி சேர்ந்து அதையும் கெடுப்பதால்தான் ஒரு பிரதியே போதுமாகிறது என்று அந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இந்த வகையில் நோய் பிந்தித் தொடங்குகிறது, பொதுவாக லேசாகவும் இருக்கிறது.

இந்தியாவில் இந்த நோய் எப்படி இருக்கிறது என்பதற்கு நல்ல பதிவு அகர்வால் சமூகத்திலிருந்து கிடைத்தது. மும்பை நரம்பியல் மருத்துவர் சதீஷ் காதில்கரும் அமெரிக்க மரபியலாளர்களும் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வு, அச்சமூகத்தில் இரண்டு மூதாதை மாற்றங்கள் புழங்குவதைக் காட்டியது. ஒன்று, ஆர்என்ஏவில் தேவையற்ற துண்டுகள் நீக்கப்பட்டு மற்றவை ஒட்டப்படும் இடத்தைக் கெடுப்பது. மற்றது ஒற்றை அமினோ அமில மாற்றம், 780ஆவது அஸ்பார்ட்டிக் அமிலம் ஹிஸ்டிடின் ஆவது. அகர்வால்கள் ஒரே கோத்திரத்துக்குள் மணப்பதில்லை. ஆனாலும் சமூகத்துக்குள்ளேயே திருமணம் தொடர்வதால் பழைய மாற்றம் ஒன்று பரவலாக இருந்துவிடுகிறது. நம் பக்கத்தில் நிலைமை இன்னும் நெருக்கம். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வரும் வாய்ப்பு 16இல் 1. தாய்மாமன் திருமணத்தில் அது 8இல் 1. தாயும் தந்தையும் ஒரு கெட்ட பிரதியை மட்டும் சுமக்கும் நோயில்லாத கேரியர்களாக இருந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய்க்கு 25 சதவீத வாய்ப்பு உண்டு. இது யார் குற்றமும் இல்லை. மருமகளின் குடும்பத்து நோய் என்று பழிபோடுகிற பேச்சுக்கு மரபியலில் துளியும் இடமில்லை, ஏனென்றால் இந்த வகை நோய்க்கு அநேகமாக எப்போதும் இரு பக்கமும் ஒவ்வொரு பிரதி கொடுத்திருக்க வேண்டும்.

மரபணுப் பரிசோதனை அறிக்கை கைக்கு வரும்போது அடுத்த குழப்பம் தொடங்குகிறது. "ஒற்றை அமினோ அமில மாற்றம் காணப்பட்டது, அதன் பொருள் உறுதியில்லை" என்று ஒரு வரி இருக்கும். இதைப் படித்து நோய் உறுதி என்று உடைந்துபோகிறவர்களும் உண்டு, ஒன்றுமில்லை என்று அறிக்கையை மடித்து வைத்துவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் அவசரம். மாற்றம் நோயைத் தருவதா என்று தீர்மானிக்க ஐந்து படி வைத்திருக்கிறார்கள், இது நடுப்படி. ஆரோக்கியமானவர்களிடம் அது எவ்வளவு அரிது, அந்த இடம் மற்ற விலங்குகளின் கால்பைனிலும் மாறாமல் இருக்கிறதா, கணினிக் கணிப்பு என்ன சொல்கிறது, இவற்றைப் பார்ப்பார்கள். இரண்டு மாற்றங்கள் கிடைத்திருந்தால் ஒன்று தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வந்தவையா என்று பெற்றோர் ரத்தத்தைச் சோதித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே பிரதியில் இருந்தால் மற்றப் பிரதி நலமாக இருக்கிறது என்று பொருள். காகிதத்தில் ஒற்றை அமினோ அமில மாற்றமாகத் தெரிவது நிஜத்தில் ஆர்என்ஏ ஒட்டுவதையே கெடுத்திருக்கவும் கூடும். தசைத் துண்டிலிருந்து ஆர்என்ஏ எடுத்துப் பார்த்தால்தான் அது தெரியும். கணினிக் கணிப்பை மட்டும் நம்பி முடிவு சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. பிடி தளர்வது, ஜோடி சேராமல் போவது போன்ற பழுதுகளுக்கு வேலை செய்து காட்டும் சோதனையே சரியான சாட்சி.

ஒரு மாற்றம் எவ்வளவு சின்னதாக இருக்கலாம் என்பதற்கு இன்னொரு நொதியைப் பார்க்க வேண்டும். எஃப்கேஆர்பி என்பது 495 அமினோ அமிலம் கொண்ட நொதி. இதன் மரபணு 2001இல் லண்டனில் பிரான்செஸ்கோ முன்டோனியின் குழுவால் தசைச் சிதைவோடு இணைக்கப்பட்டது. வடக்கு ஐரோப்பாவில், குறிப்பாக டென்மார்க், நார்வே போன்ற நாடுகளில், இந்த நோயாளிகளிடம் மிகப் பரவலாகக் காண்பது 276ஆவது லியூசின் ஐசோலியூசினாக மாறுவது. இவை இரண்டிலும் இருப்பவை அதே அணுக்கள்தான்: கார்பன் 6, ஹைட்ரஜன் 13, நைட்ரஜன் 1, ஆக்சிஜன் 2. ஒரு கிளை ஒரே ஒரு கார்பன் தள்ளி முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஏற்றம் மாறவில்லை, எடை மாறவில்லை, நீரை விலக்கும் குணமும் ஏறக்குறைய அதே. அதற்கே தசை மெலிகிறது. கால்பைன் நோயில் பொதுவாகத் தப்பிக்கும் இதயமும் இங்கே பாதிக்கப்படலாம், அதனால் இவர்களுக்கு இதயப் பரிசோதனையைத் தவறவிடக்கூடாது.

ஆனால் அந்தச் சின்ன மாற்றமே ஒரு வாய்ப்பையும் தருகிறது. லியூசின் ஐசோலியூசினாகும்போது நொதி சாவதில்லை, மந்தமாகிறது. இந்த மாற்றம் இரு பிரதியிலும் இருப்பவர்களுக்கு நோய் பொதுவாக லேசாகவும் பிந்தியும் வருவது அதனால்தான். 2016இல் ஜப்பானில் தத்சுஷி தோடாவின் குழு இந்த நொதியின் வேலையைக் கண்டுபிடித்தது: தசைச் செல்லின் சவ்வில் இருக்கும் ஆல்பா டிஸ்ட்ரோகிளைக்கன் புரதத்தின் சர்க்கரைச் சங்கிலியில் ரிபிடால் பாஸ்பேட் என்ற கண்ணியைக் கோக்கிறது. அந்தக் கண்ணி இல்லாவிட்டால் சங்கிலி நீளாது, செல்லுக்கு வெளியே உள்ள லாமினின் என்ற புரதத்தைப் பிடிக்க முடியாது. மந்தமான நொதிக்கு மூலப்பொருளை அதிகமாகக் கொடுத்தால்? 2018இல் அமெரிக்காவில் சி லாங் லூவின் குழு இதே நோயை உண்டாக்கிய எலிகளுக்குக் குடிநீரில் ரிபிடாலைக் கலந்து கொடுத்தது. சர்க்கரைச் சங்கிலி ஓரளவு மீண்டது, தசையும் தேறியது. இந்த வழி இப்போது மனிதர்களிடம் மூன்றாம் கட்ட மருந்துச் சோதனை வரை வந்திருக்கிறது. நொதி ஒரு துளிகூட உருவாகாத ஒருவருக்கு இந்த மருந்தின் தர்க்கமே பொருந்தாது. ஒற்றை மாற்றம் மிச்சம் வைத்த திறன்தான் மருந்துக்கு அடிப்படை.

கால்பைன்-3க்கு அவ்வளவு நேர்வழி கிடைக்கவில்லை. வெட்டும் நொதிக்கு அதிக மூலப்பொருள் கொடுப்பதில் அர்த்தமில்லை, வேலை செய்கிற நொதியையே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பிரான்சில் ரிஷாரின் குழு வைரஸ் ஊர்தியில் நல்ல மரபணுவை ஏற்றி எலிகளுக்குக் கொடுத்தபோது தசை தேறியது, ஆனால் இதயம் பாதிக்கப்பட்டது. பிறகு இதயத்தில் மட்டும் அந்த மரபணு அணைந்திருக்கும்படி மாற்றியமைத்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வில் இதயச் சேதம் தவிர்ந்தது. ஏன் இதயம் மட்டும்? 2019இல் அதே குழு விடை சொன்னது. எலியின் இதயத்தில் இருக்கும் டைட்டின் பெரும்பாலும் என்2ஏ பகுதி இல்லாத வகை. பிடித்து அடக்கி வைக்க ஆளில்லாமல் நொதி கண்டதையும் வெட்டியிருக்கிறது. குரங்கின் இதயத்தில் அந்தப் பகுதி உள்ள டைட்டின் அதிகம், அங்கே அந்தச் சேதம் தெரியவில்லை.

நொதியைக் கட்டி வைக்கும் பிடி எவ்வளவு முக்கியம் என்று 448, 705 இடங்களின் மாற்றங்கள் ஏற்கெனவே காட்டியிருந்தன. சிகிச்சைக்கும் அதே கேள்வி வருகிறது: புதிதாகச் செலுத்தும் கால்பைன்-3 எங்கே ஒட்டும், எவ்வளவு நேரம் அடங்கியிருக்கும், நோயாளியின் உடலில் ஏற்கெனவே இருக்கும் பழுதான கால்பைனோடு ஜோடி சேர்ந்தால் என்ன ஆகும்? கடைசிக் கேள்விக்கான விடை, அவரிடம் புரதமே இல்லையா அல்லது ஒரு அமினோ அமிலம் மாறிய புரதம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. இந்த நோய் உள்ள குடும்பங்கள் "தசைச் சிதைவு, இடுப்பு தோள் வகை" என்று மட்டும் எழுதிய சீட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், எந்த மரபணு, இரண்டு பிரதிகளிலும் எந்த எந்த இடத்தில் என்ன மாற்றம் என்ற முழு அறிக்கையை வாங்கிப் பத்திரப்படுத்த வேண்டும். மருந்துச் சோதனைகளில் ஆள் சேர்க்கும்போது முதலில் கேட்கப்படுவது அந்த விவரம்தான்.